வட்டப் பின்னல் மெஷினில் டிசைன் தப்பினால்: ஊசி, கேம், ஜாக்கார்டு கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

திருப்பூர் நிட்டிங் ஷெட்டுகளில் டிசைன் தப்பிவிட்டது என்றதும் முதலில் நடப்பது ஊசி மாற்றுவதுதான். பாதி நேரம் அதற்குத் தேவையே இருக்காது. நல்ல ஊசி குப்பைக்குப் போகும், கோளாறு அப்படியே இருக்கும், அடுத்த ரோலும் செகண்ட்ஸ் (தரம் குறைந்த துணி) ஆகும்.

மெஷினைத் திறப்பதற்கு முன் துணியைப் பாருங்கள். குறை நீளவாக்கில் ஓடுகிறதா, அகலவாக்கில் வருகிறதா, அங்கங்கே சிதறிக் கிடக்கிறதா? எத்தனை வரிசைக்கு ஒருமுறை, எத்தனை ஊசிக்கு ஒருமுறை? பெரும்பாலும் இந்த இரண்டு கேள்வியிலேயே இடம் தெரிந்துவிடும். நீளவாக்கில் போனால் ஊசிகள் நிற்கும் சிலிண்டரோடு சுற்றுகிற ஏதோ ஒன்று: ஊசி, சிங்கர் (ஊசிகளுக்கு நடுவே துணியைப் பிடிக்கும் தகடு), ஜாக் (ஜாக்கார்டு என்னும் படப் பின்னலில் ஊசியைக் கீழிருந்து தூக்கும் துண்டு), ஊசி ஓடும் பள்ளம். அகலவாக்கில் வந்தால் சுற்றாமல் நிற்கிற ஏதோ ஒன்று: ஃபீடர் (ஊசிக்கு நூல் கொடுக்கும் இடம்), கேம் (ஊசியை ஏற்றி இறக்கும் கட்டை), ஆக்சுவேட்டர் (ஜாக்கார்டில் ஊசியைத் தேர்ந்தெடுக்கும் கருவி), கோன் (நூல் சுற்றிய கூம்பு).

கீழே வரும் கணக்குகளுக்கு நம் ஊரில் அதிகம் ஓடும் 30 இன்ச் விட்டம், 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி), 96 ஃபீடர் சிங்கிள் ஜெர்சி மெஷினை எடுத்துக்கொள்கிறேன். ஊசி 2256. உங்கள் மெஷினில் எண் வேறாக இருக்கலாம், தகட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேம் பெட்டியில் கை வைக்கும் எந்த வேலைக்கும் மெயின் ஸ்விட்ச் ஆஃப். மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் இன்ச்சிங் பட்டனை ஒருவர் அழுத்த இன்னொருவர் உள்ளே விரல் வைப்பது வேண்டவே வேண்டாம்.

## அறிகுறி 1: நீளவாக்கில் ஒரே கோடு, விடாமல் வருகிறது

துணியில் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே சிலிண்டர் வரை போங்கள். அந்த ஊசிக்கு மார்க்கரில் ஒரு பொட்டு. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஊசியைச் சேர்த்துப் பாருங்கள்.

### பிளெயின் துணியிலும் கோடு தெரிந்தால்

முதலில் பஞ்சு. ஊசிப் பள்ளத்தில் பஞ்சும் பழைய ஆயிலும் இறுகிப்போனால் ஊசி கனமாக ஓடும், லூப் இறுகும், கோடு விழும். ஊசியை எடுத்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, அதே ஊசியைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். செலவில்லாத வேலை.

அப்புறம் ஊசியின் கொக்கி, நாக்கு, பட் (கேம் பிடித்துத் தள்ளும் துருத்தல்) மூன்றையும் லென்ஸில் பாருங்கள். கொக்கி விரிந்திருக்கலாம், நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் இடம் மாற்றும் சோதனை: அந்த ஊசியை எடுத்து, அதே டிராக்கில், அதாவது அதே பட் உயரத்தில், பத்து இருபது ஊசி தள்ளியிருக்கும் இன்னொரு ஊசியோடு மாற்றிப் போடுங்கள். கோடு கூடவே போனால் ஊசிதான். கோடு பழைய இடத்திலேயே நின்றால் ஊசியைத் திட்டிப் பயனில்லை, பள்ளத்தின் சுவர் வளைந்திருக்கிறது அல்லது சிங்கரில் கோளாறு.

சிங்கர் கோடு ஊசிக் கோட்டைவிட மங்கலாக, இரண்டு கண்ணி வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டதுபோல் தெரியும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். சிங்கருக்கும் அதே இடம் மாற்றும் சோதனைதான்.

ஊசியும் சிங்கரும் மாற்றிய பிறகும் கோடு அசையவில்லை என்றால் பள்ளத்தின் சுவரை நீங்களே நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அது மெக்கானிக் வேலை. இடுக்கி போட்டு நிமிர்த்திய சுவர் பக்கத்துப் பள்ளத்தையும் கெடுத்துவிடும், ஒரு கோடு மூன்றாகும்.

பழைய செட்டுக்கு நடுவே ஒரே ஒரு புது ஊசி போட்டாலும் மெல்லிய கோடு வரலாம். மற்ற ஊசிகள் தேய்ந்திருக்க, இது மட்டும் கூர்மையாக இருக்கிறது. செட் மாற்றும்போது பழையதில் நல்ல ஊசிகளைத் தனியாக ஒரு டப்பாவில் எடுத்து வைக்கும் ஃபிட்டர்கள் இதற்காகத்தான் வைக்கிறார்கள்.

### டக் வரும் டிசைனில் மட்டும் கோடு தெரிந்தால்

டக் என்றால் ஊசி பழைய கண்ணியைக் கழற்றாமலே புது நூலையும் சேர்த்துப் பிடிப்பது. இங்கே ஊசி நன்றாகத்தான் இருக்கும், அது இருக்கும் இடம்தான் தப்பு. லக்கோஸ்ட் (டக் வைத்துப் பின்னும் போலோ டி-ஷர்ட் துணி) ஓடும் மெஷினில் 1-ம் டிராக் ஊசியும் 2-ம் டிராக் ஊசியும் ஒன்று விட்டு ஒன்று வரவேண்டும். இரவு ஷிஃப்டில் ஒரு ஊசி உடைந்து, அவசரத்தில் 2-ம் டிராக் இடத்தில் 1-ம் டிராக் ஊசியைப் போட்டுவிட்டால் பக்கத்து இரண்டோடு சேர்ந்து மூன்று ஊசிகள் ஒரே சமயத்தில் டக் செய்யும். துணியில் ஜிப் வைத்த மாதிரி ஒரு தடிப்பான கோடு ஓடும், சில சமயம் ஓட்டையும் விழும். நீடில் டிடெக்டர் இதைப் பிடிக்காது. உடைந்த கொக்கியும் வளைந்த நாக்கும்தான் அதற்குத் தெரியும், பட்டின் உயரம் தெரியாது.

ஊசி மாற்றும் வாசலைத் திறந்து, பொட்டு வைத்த இடத்தைச் சுற்றி இருபது ஊசிகளின் பட் வரிசையைப் படியுங்கள்: ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. எங்கே இரட்டிக்கிறதோ அங்கே மாற்றுங்கள். நான்கு டிராக் போட்டு ஓட்டும் ஃப்ளீஸில் இது இன்னும் குழப்பும், ஏனென்றால் ஒரு ஊசி தப்பியது முன்பக்கம் தெரியாது. பின்பக்கம் லூப் நூல் தொங்கும் வரிசையில் மட்டும் ஒரு கோடு வரும். துணியைத் திருப்பிப் பார்க்காமல் "சரி" என்று சொல்லிவிடக் கூடாது.

### கோடு ஒரே ஒரு இடத்தில் வந்து, அதன் இரு பக்கமும் டிசைன் ஒட்டாமல் இருந்தால்

ஊசி எண்ணிக்கை டிசைனில் மீதமின்றி வகுபடவில்லை. 2256 ஊசி 2, 3, 4 எல்லாவற்றிலும் வகுபடும். ஆனால் 2260 ஊசி உள்ள மெஷினில் மூன்று ஊசிக்கு ஒருமுறை திரும்பி வரும் டிசைன் (ரிப்பீட்) போட்டால் ஒன்று மிஞ்சும். ஜாக்கார்டில் 36 ஊசி அகல டிசைனை 2256-ல் போட்டாலும் இதே கதை. கோளாறு இல்லை, கணக்கு. துணியைத் திறந்து அகலமாக வெட்டும் ஆர்டர் என்றால் அந்த ஒட்டும் இடத்தை வெட்டுக்கோட்டில் கொண்டுபோய் வையுங்கள். டியூபாகவே போகிற துணி என்றால் டிசைன் அகலத்தை மாற்றித்தான் ஆகவேண்டும்.

## அறிகுறி 2: அகலவாக்கில் ஒரு வரிசை, குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை

ஸ்கேலை வைத்து இரண்டு குறைகளுக்கு நடுவே உள்ள வரிசைகளை எண்ணுங்கள். பிளெயினில் சரியாக 96 வந்தால் ஒரே ஒரு ஃபீடர் குற்றவாளி. இன்ச்சுக்கு 40 வரிசை உள்ள துணியில் இது ஏறக்குறைய 2.4 இன்ச்சுக்கு ஒருமுறை வரும். 48 வந்தால் எதிரெதிரே இரண்டு ஃபீடர்கள். மூன்று நூல் ஃப்ளீஸில் மூன்று ஃபீடர் சேர்ந்துதான் ஒரு வரிசை, அதனால் அங்கே 32-க்கு ஒருமுறை.

எந்த ஃபீடர் என்று தெரியவில்லையா? சந்தேகப்படும் ஃபீடரில் கலர் நூலைக் கட்டி ஒரே ஒரு சுற்று ஓட்டுங்கள். கலர் வரிசை குறைக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணினால் ஃபீடர் எண் கிடைத்துவிடும்.

### வரிசை தடிப்பாகவோ மெலிசாகவோ இருக்கிறது, டிசைன் சரி

கோனைப் பாருங்கள். 30-ஸ் கவுண்ட் (நூல் எவ்வளவு மெலிசு என்ற எண்) கோன்களுக்கு நடுவே ஒரு 34-ஸ், அல்லது அதே கவுண்டில் வேறு லாட். கோன் மாற்றியதும் குறை போய்விட்டால் அத்தோடு முடிந்தது. கிரே (சாயம் போடாத) துணியில் தெரியாமல் சாயப்பட்டறையிலிருந்து வந்த பிறகு தெரியும் வரிசைகளில் லாட் கலப்படம்தான் முதல் சந்தேகம்.

கோன் சரியென்றால் பாசிட்டிவ் ஃபீடர் (நூலைச் சீரான அளவில் தரும் கருவி) சக்கரத்தில் நூல் நழுவுகிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, நூல் ஏதாவது ஒரு கண்ணில் மாட்டாமல் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். டென்ஷன் மீட்டரில் பக்கத்து ஃபீடர்களோடு ஒப்பிடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம்.

அதுவும் சரியென்றால் மட்டும் அந்த ஃபீடரின் ஸ்டிச் கேம் (கண்ணியின் நீளத்தைத் தீர்மானிக்கும் கேம்). திருகைத் தொடுவதற்கு முன் இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதிவையுங்கள். இதைச் செய்யாததால் ஒரு ஃபீடரில் ஆரம்பித்த பிரச்சினை 96 ஃபீடருக்கும் பரவிய மெஷின்கள் உண்டு.

### அந்த வரிசையில் டிசைனே தப்பு

கேம் மாறிப் போடப்பட்டிருக்கிறது. சிங்கிள் லக்கோஸ்ட் நான்கு ஃபீடருக்கு ஒரு ரிப்பீட்: முதல் ஃபீடரில் இரண்டு டிராக்கும் நிட் (பழைய கண்ணியைக் கழற்றிப் புதுக் கண்ணி போடுவது). இரண்டாவதில் 1-ம் டிராக் டக், 2-ம் டிராக் நிட். மூன்றாவதில் மறுபடி இரண்டும் நிட். நான்காவதில் 1-ம் டிராக் நிட், 2-ம் டிராக் டக். டபுள் லக்கோஸ்ட் என்றால் டக் வரும் ஃபீடர் ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும், ரிப்பீட் ஆறு ஃபீடர்.

டக் இருக்கவேண்டிய இடத்தில் நிட் கேம் போயிருந்தால் அங்கே டிசைன் தட்டையாகி ஒரு வெறும் வரிசை ஓடும். இரண்டு டிராக்கிலும் டக் போயிருந்தால் எல்லா ஊசியும் ஒன்றாக டக் செய்து தடிப்பான பட்டையாக வரும், அடுத்த ஃபீடரில் நூல் அறுவதும் கூடவே நடக்கும். மிஸ் கேம் (ஊசியை ஏற்றாமல் விடும் கேம்) போயிருந்தால் பின்பக்கம் நூல் கண்ணியில் சேராமல் நீளமாகக் கிடக்கும். துணியைப் பார்த்தே எந்தக் கேம் என்று சொல்லிவிடலாம், பெட்டியைத் திறப்பது உறுதி செய்ய மட்டும்.

96 ஃபீடர் நான்கிலும் ஆறிலும் வகுபடும். 90 ஃபீடர் மெஷினில் சிங்கிள் லக்கோஸ்ட் ஓட்ட 88 ஃபீடர்தான் உபயோகம், மீதி இரண்டில் நூலை எடுத்துவிட்டு எல்லா டிராக்கிலும் மிஸ் கேம் போடவேண்டும். "டிசைன் சுற்றுக்கு ஒருமுறை குதிக்கிறது" என்று வரும் புகார்களில் இந்த இரண்டு ஃபீடரை மறந்ததுதான் பல சமயம் காரணம்.

### கேம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அந்த ஃபீடரில் தப்பு

கேமுக்கு அடியில் பஞ்சு அடைத்து அது முழுதாக உட்காராமல் இருக்கலாம். பட் உரசும் சத்தம் கேட்கும். கழற்றி, துடைத்து, திருகை இறுக்குங்கள். கேமின் விளிம்பில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்பட்டால் தேய்மானம். ஒரு கேம் மாற்றுவது பெரிய செலவில்லை.

ஒரே ஃபீடரில் அடுத்தடுத்து பட் உடைகிறது என்றால் புது ஊசி போட்டுக்கொண்டே போகாதீர்கள். மெஷினை நிறுத்தி, அந்தப் பெட்டியை முழுவதும் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த ஊசி.

## அறிகுறி 3: தேவையில்லாத இடங்களில் சிதறலாக டக்

நிட் செய்யவேண்டிய ஊசி பழைய கண்ணியைக் கழற்றாமலே புது நூலையும் சேர்த்துப் பிடிக்கிறது. பிளெயின் துணியில் பொட்டுப் பொட்டாகத் தெரியும்.

டேக் டவுன்தான் முதலில். துணியைக் கீழே இழுப்பது குறைந்தால் கண்ணி ஊசியோடு சேர்ந்து மேலே ஏறும், நாக்கைத் தாண்டாது. இழுப்பைக் கொஞ்சம் கூட்டி இரண்டு மூன்று சுற்று ஓட்டுங்கள். ரொம்பக் கூட்டினால் ஓட்டை விழும், அதற்கு முன் நிறுத்துங்கள். துணியின் ஒரு பக்கம் மட்டும் பொட்டு அதிகம் என்றால் உருளை சமமாக இழுக்கவில்லை, அல்லது ஸ்ப்ரெடர் (துணியை விரித்துப் பிடிக்கும் சட்டம்) கோணலாக இருக்கிறது.

அடுத்து லூப் லெங்த் (கண்ணியின் நீளம்). ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை) வரவில்லை என்று ரொம்ப இறுக்கிவிட்டிருப்பார்கள். இறுகிய கண்ணி நாக்கில் மாட்டும்.

பிறகு ஆயில். ஒழுங்காகப் போகிறதா, எல்லா முனையிலும் வருகிறதா என்று பாருங்கள். அளவுக்கு மேல் போனாலும் ஆயில் கோடு விழும் என்பதால் எல்லோரும் குறைக்கத்தான் பார்க்கிறார்கள், காய்ந்த ஊசி அதன் பலன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் குறிப்பிட்ட ஃபீடர்களில் மட்டும் பொட்டு விழுந்தால் அங்கே நிட் கேம் தேய்ந்து ஊசியை முழு உயரத்துக்குத் தூக்கவில்லை. எல்லா ஃபீடரிலும் விழுந்தால், ஊசி செட்டின் ஆயுள் முடிந்திருக்கலாம். செட் மாற்றுவது பெரிய செலவு, அதனால் முந்தைய நான்கையும் பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகவேண்டாம்.

## அறிகுறி 4: டக் வரும் இடத்தில் ஓட்டை, கண்ணி நழுவல்

நூலில் முடிச்சோ தடிப்போ இருந்தால் டக் இடத்தில்தான் முதலில் அறும், ஏனென்றால் அங்கே ஒரே கொக்கியில் இரண்டு மூன்று நூல் சேர்ந்து நிற்கிறது. அதே கோன் ஓடும் ஃபீடரில் மட்டும் ஓட்டை வருகிறதா என்று பாருங்கள். கோன் காய்ந்திருந்தாலும், மெழுகு சரியாக ஏறாவிட்டாலும் இப்படித்தான்.

கண்ணி நழுவி நீளமாக ஓடிக்கொண்டே இருந்தால் நாக்கு மூடிய நிலையில் இருக்கிறது, அது தானாகத் திறந்து நூலைப் பிடிக்காது. நாக்கைக் கையால் திறந்துவிட்டு ஓட்டுங்கள். அதே ஊசி மறுபடி நழுவினால் மாற்றுங்கள். வெவ்வேறு ஊசிகள் ஒரே ஃபீடரில் நழுவினால் அந்த ஃபீடரின் நூல் வழிகாட்டி ஊசிக்கு மிகத் தள்ளியோ மிக உயரமாகவோ இருக்கிறது.

டிசைனே கொடுமையானதாக இருப்பதும் உண்டு. ஒரே ஊசியில் தொடர்ந்து ஐந்தாறு முறை டக் போட்டுக் கொடுத்தால் எந்த மெஷினும் தாங்காது. அதைச் சாம்பிள் கொடுத்தவரிடம்தான் பேசவேண்டும்.

## அறிகுறி 5: ஜாக்கார்டில் படம் கெடுகிறது

இங்கே கேம் எல்லா ஊசிக்கும் ஒன்றுதான். எந்த ஊசி ஏறவேண்டும் என்று ஒவ்வொரு ஃபீடரிலும் ஆக்சுவேட்டரின் சிறு விரல்கள் தீர்மானிக்கின்றன. பல மெஷின்களில் ஒரு ஆக்சுவேட்டரில் எட்டு விரல். ஜாக்குகளின் பட் எட்டு உயரத்தில் இருக்கும், ஒவ்வொரு விரலும் எட்டு ஊசிக்கு ஒன்றைக் கவனிக்கும். ஆறு, பதினாறு விரல் உள்ளவையும் உண்டு. உங்களுடையதை முதலில் எண்ணிக்கொள்ளுங்கள், கீழே உள்ள எட்டை அதற்கேற்ப மாற்றிப் படியுங்கள்.

### ஒரு வரிசையில் மட்டும், எட்டு ஊசிக்கு ஒரு புள்ளி தப்பு

ஒரு விரல் வேலை செய்யவில்லை. 72 ஃபீடரில் இரண்டு கலர் ஜாக்கார்டு ஓடினால் சுற்றுக்கு 36 வரிசை, ஆகவே 36 வரிசைக்கு ஒருமுறை இந்தப் புள்ளி வரிசை வரும். எந்தக் கலரில் புள்ளி காணாமல் போகிறது என்று பார்த்தால் இரண்டு ஃபீடரில் எது என்பதும் தெரிந்துவிடும்.

கன்ட்ரோல் பேனலில் டெஸ்ட் முறை இருந்தால் விரல்களை ஒவ்வொன்றாக அடிக்கவிட்டுப் பாருங்கள். அசையவே இல்லையா, அசைந்தும் பாதியில் நிற்கிறதா? பாதியில் நின்றால் பஞ்சும் ஆயிலும், சுத்தம் செய்தால் சரியாகிவிடும். பீசோ வகை என்றால் உள்ளே இருப்பது பீங்கான் போன்ற மெல்லிய தகடு, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடையும்.

அசையவே இல்லை என்றால் பவரை அணைத்துவிட்டு ஆக்சுவேட்டரைப் பக்கத்து ஃபீடரோடு மாற்றிப் போடுங்கள். தப்பு கூடவே போனால் ஆக்சுவேட்டர் பழுது. தப்பு பழைய ஃபீடரிலேயே நின்றால் கேபிள், கனெக்டர், போர்டு என்ற வரிசையில் போகவேண்டும். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவதுவரை நம் வேலை. போர்டு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவருடையது.

### நீளவாக்கில் ஒரே ஊசியில் படம் தப்பு

அந்த ஊசிக்குக் கீழே உள்ள ஜாக் இறுகியிருக்கிறது, வளைந்திருக்கிறது, அல்லது வேறு உயர பட் உள்ள ஜாக் போடப்பட்டிருக்கிறது. பட் உயரங்கள் சாய்வாகப் படி ஏறுவது கண்ணுக்கே தெரியும், ஒரு படி பிசகியிருந்தால் உடனே பிடிபடும்.

### படத்தின் விளிம்பு மட்டும் ஒரு ஊசி முன்னும் பின்னுமாக அலைகிறது

வேகத்தைக் குறையுங்கள். குறைத்ததும் சரியானால் தேர்வு நேரம் ஓரத்தில் நிற்கிறது, அல்லது ஜாக் கனமாக ஓடுகிறது. சுத்தம் செய்து பாருங்கள். பிறகும் இருந்தால் டைமிங் திருத்தம். அதை அந்த மெஷினை நன்றாகத் தெரிந்தவர் மட்டும் செய்யட்டும்.

### முழுப் படமும் நகர்கிறது

சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போனால் என்கோடர் (சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சார்) இணைப்பின் திருகு தளர்ந்து நழுவுகிறது. மெயின் ஆஃப் செய்து, கையால் அசைத்துப் பாருங்கள். கரண்ட் போய் வந்த பிறகு ஒரே ஒரு முறை உடைந்து, அதற்கப்புறம் ஒழுங்காக ஓடினால் ஜீரோ புள்ளி (சுற்று தொடங்கும் இடம்) தவறிவிட்டது. சென்சாரின் முகத்தைத் துடைத்து, இரண்டு சுற்று காலியாக விட்டு, டிசைனை முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு ஃபீடரின் வரிசை மட்டும் எப்போதும் அதே அளவு பக்கவாட்டில் விலகியிருந்தால் கன்ட்ரோலரில் அந்த ஃபீடருக்குக் கொடுத்த இடத்தின் எண்ணைச் சரிபாருங்கள்.

## அறிகுறி 6: இன்டர்லாக், ரிப் மெஷினில் டிசைன் மாற்றியதும் ஊசி உடைகிறது

சோதனையே வேண்டாம், உடனே நிறுத்துங்கள். இன்டர்லாக்கில் சிலிண்டரின் நீள ஊசிக்கு எதிரே டயலில் (மேலே கிடையாக ஊசிகள் உள்ள தட்டு) குட்டை ஊசி இருக்கவேண்டும். எதிரெதிரே இரண்டும் நீளம் என்றால் ஒரே ஃபீடரில் இரண்டும் ஏறி மோதிக்கொள்ளும். ஒரு இடத்தில் மட்டும் உடைந்தால் அங்கே ஊசி மாறியிருக்கிறது. சுற்றிலும் உடைந்தால் ரிப் நிலையிலிருந்து இன்டர்லாக் நிலைக்கு டயலைத் திருப்பியது சரியாக நிற்கவில்லை, அல்லது கேம்கள் எதிரெதிரே பொருந்தவில்லை.

ஊசி வரிசையைத் திருத்துவது உங்கள் வேலை. டயலின் உயரம், டயலும் சிலிண்டரும் ஒரே மையத்தில் சுற்றுகின்றனவா என்பது டயல் கேஜ் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கின் வேலை. எதை மாற்றினாலும் முதல் சுற்றைக் கையால் சுற்றுங்கள். எங்காவது இறுகினால் பலம் கொடுக்காதீர்கள்.

## மெக்கானிக்கை எப்போது கூப்பிடுவது, என்ன சொல்வது

ஊசிப் பள்ளத்தின் சுவர், சிலிண்டர் ஆட்டம், டயல் மையம், பெரிய பேரிங் சத்தம், கன்ட்ரோலர் போர்டு, என்கோடர் மாற்றம். இவற்றில் கை வைக்கவேண்டாம். இடம் மாற்றும் சோதனை இரண்டு முறை செய்தும் குறை அசையாமல் இருந்தால் அதுவே கூப்பிடும் நேரம்.

கூப்பிடும்போது "டிசைன் வரலை, வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடுதான் வருவார். டயா, கேஜ், ஃபீடர் எண்ணிக்கை, ஊசிப் பெட்டியில் அச்சிட்ட ஊசி எண், ஜாக்கார்டு என்றால் ஆக்சுவேட்டரில் எத்தனை விரல், குறை எத்தனை வரிசைக்கு அல்லது எத்தனை ஊசிக்கு ஒருமுறை வருகிறது, எதை எதோடு மாற்றிப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். கேம் வரிசையை ஃபோனில் படம் எடுத்து அனுப்புங்கள். குறை உள்ள துணியில் ஓடும் திசையை அம்புக்குறி போட்டு, ஃபீடர் எண் எழுதி, இரண்டு சுற்று நீளத்துக்காவது வெட்டி வையுங்கள். அதன் பிறகு அவர் வரும்வரை அந்த மெஷினில் வேறு எதையும் கழற்றாதீர்கள்.